கண்டாலாப் பாறையின் காந்தம் பழைய அட்சரேகையைச் சொல்லுமா?

மாட்டுங்கா வாசகி:
தக்காண எரிமலைப் பாறைகள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானபோது, இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 30 பாகையில் இருந்ததாகப் பாறையின் காந்தத்தைக் கொண்டு அறிந்தார்கள் என்று படித்தேன். சென்ற வாரம் மும்பை-புனே வழியிலுள்ள கண்டாலாவில் அந்தக் கரிய பாறைகளைப் பார்த்தபோது எழுந்த ஐயம் இது: காந்தம் திசையைத்தானே காட்டும், தொலைவை எப்படிக் காட்டும்?

செம்பூர் ஆசிரியர்:
அம்மா, மேலும் கீழும் அசையும்படி தொங்கவிட்ட காந்த முள், நிலநடுக்கோட்டருகே கிடைமட்டமாகவும் துருவத்தில் செங்குத்தாகவும் நிற்கும். இடையிலுள்ள ஊர்களில் சரிவுக் கோணத்தின் (முள் கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணத்தின்) டான்ஜென்ட், அட்சரேகையின் டான்ஜென்டைப் போல் இரு மடங்காகும். 30 பாகைக்குச் சரிவு 49. மும்பையின் 19 பாகைக்கு 35 அளவே. எரிமலைக் குழம்பு இறுகி, 580 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்கையில், மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமத் துகள்களின் காந்தம் அன்றைய புலத்தின் திசையில் பதிந்துவிடுகிறது. துகள்கள் திரும்புவதில்லை, அவற்றின் காந்தமே திரும்புகிறது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

மாட்டுங்கா வாசகி:
நன்றி ஐயா. புவியின் காந்தத் துருவங்கள் வடக்கு தெற்காக இடம் மாறியதும் உண்டல்லவா? அப்படியானால் அந்தச் சரிவு வடகோளத்துக்குரியதா தென்கோளத்துக்குரியதா என்று எவ்வாறு பிரிப்பது?

பன்வேல் நண்பர்:
உண்மையான சிக்கல் இதுவே. இன்றுபோன்ற இயல்பான புலத்தில் காந்த முள்ளின் வடமுனை வடகோளத்தில் கீழ்நோக்கும், தென்கோளத்தில் மேல்நோக்கும்; துருவம் புரண்டால் இது நேர்மாறாகும். தக்காணத்தின் கீழடுக்குகளில் பாறைக் காந்தத்தின் வடமுனை தென்கிழக்காகவும் கீழ்நோக்கியும் இருக்கிறது. வடகோளத்தில் இயல்பான புலத்தில் உறைந்தது என்று கொண்டால், இந்தியா பின்னர் 155 பாகை திரும்பியிருக்க வேண்டும். தென்கோளத்தில் துருவம் புரண்ட காலத்தில் உறைந்தது என்று கொண்டால், இடஞ்சுழியாக 25 பாகை திரும்பினால் போதும். மகாபலேஷ்வரின் மேலடுக்குகளில் திசை நேர் எதிராக, வடமேற்காகவும் மேல்நோக்கியும் அமைந்திருப்பது பின்னதற்குப் பொருந்துகிறது.

ஆயினும் ஒரு கல்லை மட்டும் அளந்து முடிவு சொல்ல இயலாது. புலம் நூற்றாண்டுதோறும் சற்றே அலைவதால் பல அடுக்குகளின் சராசரி வேண்டும். மின்னல் போன்றவற்றால் பாறையின் பழைய பதிவின்மேல் புதிய காந்தம் படிந்திருக்கக்கூடும் என்பதால், படிப்படியாகச் சூடாக்கிப் பிற்காலக் காந்தத்தை நீக்கிய பின்னரே அளக்கிறார்கள்.

செம்பூர் ஆசிரியர்:
தெற்கே 30 பாகையிலிருந்து மும்பையின் வடக்கு 19 பாகை வரை, மொத்தம் 49 பாகை இடப்பெயர்ச்சி என்றால் ஏறத்தாழ 5,400 கிலோமீட்டர், ஆண்டுக்குச் சராசரியாக 8 சென்டிமீட்டர். சீரான வேகமன்று, ஆசியாவுடன் மோதிய பின் குறைந்துவிட்டது. காந்தச் சரிவு தீர்க்கரேகையைச் சொல்வதில்லை, அதற்கு துருவம் புரண்டதை மாறி மாறிப் பதித்து வைத்திருக்கும் இந்தியப் பெருங்கடல் தரையின் காந்தப் பட்டைகளையே நாட வேண்டும்.