5% சர்க்யூட்டில் உள்ள சிப் டிசைன் பங்கு: எப்போ விற்கலாம்?

வொய்ட்ஃபீல்டு_வாசி (பிப்ரவரி 9)

வணக்கம். சிப் டிசைன் சேவை செய்யும் ஒரு ஸ்மால்கேப் கம்பெனியில் 800 பங்கு கையில் இருக்கு. 500 பங்கு 160 ரூபாய்க்கு வாங்கியது, 14 மாதம் ஆச்சு. 300 பங்கு 290 ரூபாய்க்கு, 7 மாதம். இன்றைய விலை 640, பி.இ. (ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல விலை எத்தனை மடங்கு) 140. என்எஸ்இ-யில் 5% சர்க்யூட் (ஒரே நாளில் விலை 5%-க்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாது), தினமும் 20,000 பங்கு வரை கைமாறுது. என் மொத்த முதலீடு 16.5 லட்சம், அதில் இது மட்டும் 31%. அடுத்த வருஷக் கடைசியில் சர்ஜாபூர் ரோடு பக்கம் ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டணும்.

அந்த 300 பங்குக்கும் ஒரு வருஷம் முடிஞ்சு வரி குறைஞ்ச பிறகு மொத்தமா விற்கலாமா? இல்லை, 540-ல் ஜிடிடி (விலை அங்கே இறங்கினா தானாகவே விற்பனை ஆர்டர் போகும் ஏற்பாடு) போட்டுட்டு நிம்மதியா இருக்கலாமா?

அல்சூர்_கணக்கு

வரிக்காகக் காத்திருப்பதில் எவ்வளவு மிச்சம் என்று முதலில் பார்த்துவிடலாம். 300 பங்கில் லாபம் 350 × 300 = 1,05,000. இப்போதே விற்றால் குறுகிய கால வரி 20%, செஸ் சேர்த்து 21,840. ஒரு வருடம் தாண்டினால் 12.5%, செஸ் சேர்த்து 13,650. வித்தியாசம் 8,190 ரூபாய், அதாவது பங்குக்கு 27 ரூபாய். ஒரே ஒரு லோயர் சர்க்யூட்டில், அதாவது விலை அன்றைய 5% கீழ் எல்லையைத் தொட்டால், பங்குக்கு 32 ரூபாய் போய்விடும். ஐந்து மாதக் காத்திருப்பில் மிஞ்சுவது ஒரு நாள் சரிவுக்குக்கூடக் காணாது.

பழைய 500 பங்கின் கதை வேறு. ஒரே டீமேட் கணக்கில் இருந்தால் முதலில் வாங்கியதுதான் முதலில் விற்றதாகக் கணக்கு. பங்குக்கு லாபம் 480. 260 பங்கு விற்றால் லாபம் 1,24,800. நீண்ட கால லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி கிடையாது, எனவே வரி பூஜ்யம். ஏப்ரல் 1-க்குப் பிறகு, புது நிதியாண்டில், மீதி 240: இதே விலையில் லாபம் 1,15,200, அதற்கும் வரி இல்லை. 500 பங்கையும் இந்த மாதமே விற்றால் 14,950 கட்ட வேண்டும்.

இரண்டு தவணையும் முடிந்த பின் கையில் நிற்பது 300 பங்கு, 1.92 லட்சம், உங்கள் மொத்தத்தில் சுமார் 12%. ஃப்ளாட் பணம் இதை நம்பி நிற்காது.

மடிவாளா_டிரேடர்

ஜிடிடி-யை இந்தப் பங்கில் நம்பாதீங்க சார். 640-லிருந்து தொடர்ந்து லோயர் சர்க்யூட் விழுந்தா 608, 577.60, 548.70, 521.30. 540-ஐத் தொடவே நாலு நாள். அந்த நாலு நாளும் வாங்க ஆள் இருக்காது, விற்கிறவங்க வரிசைதான் நீளும். நாலாம் நாள் 521-ல் ட்ரிகர் ஆகும். நீங்க லிமிட் (இதுக்குக் கீழே விற்க மாட்டேன்னு குறிக்கிற விலை) 535 வெச்சிருந்தா அந்த விலைக்கு வாங்க யாரும் இல்லை. 515 வெச்சிருந்தா அன்றைய கீழ் எல்லைக்கும் கீழே போயிடுது, எக்ஸ்சேஞ்ச் ஆர்டரையே ஏத்துக்காது. பெரும்பாலான ப்ரோக்கர்களிடம் ட்ரிகர் ஆன ஆர்டர் அந்த ஒரு நாளைக்குத்தான். நிறைவேறலைன்னா மறுபடி போடணும்.

இன்னொண்ணு, டிடிபிஐ (விற்கும்போது உங்க டீமேட்டிலிருந்து பங்கை எடுக்க ப்ரோக்கருக்குத் தரும் நிரந்தர அனுமதி) கொடுத்திருக்கீங்களான்னு பாருங்க. கொடுக்காம, டிபின் (டீமேட்டுக்கான ரகசிய எண்) போட்டு அனுமதியும் தராம இருந்தா, ட்ரிகர் ஆனாலும் விற்பனை ரிஜெக்ட் ஆகும்.

லோயர் சர்க்யூட் வந்துட்டா செய்யக்கூடியது ஒண்ணுதான்: முந்தின ராத்திரியே அடுத்த நாளோட கீழ் எல்லை விலைக்கு ஏஎம்ஓ (சந்தை மூடின பிறகு போடும் ஆர்டர்) போட்டு வைக்கணும். ஒரே விலையில் முதலில் வந்த ஆர்டருக்குத்தான் முன்னுரிமை. அப்பவும் எல்லாம் போகும்னு சொல்ல முடியாது. பத்து நாள் தொடர்ந்து விழுந்தா 40% காலி. அதனால இந்த மாதிரிப் பங்கை வாங்க ஆள் இருக்கும்போது, விலை ஏறும்போதே விற்கணும்.

கே.ஆர்.புரம்_ரிசல்ட்

500-ஐ விற்பது சரி. மீதி 300-ஐ விலையைப் பார்த்து விற்பதில் எனக்கு உடன்பாடில்லை, கம்பெனியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பி.இ. 140 என்பதன் கனத்தைப் பாருங்கள்: லாபம் ஆண்டுக்கு 40% வீதம் நாலு வருஷம் வளர்ந்து, விலை 640-லேயே அசையாமல் நின்றால், அப்போதும் பி.இ. 36. அந்த வளர்ச்சிக்கான பணத்தை இன்றைய விலையே வாங்கிவிட்டது. அது ஒரு காலாண்டு தவறினாலும் சந்தை காத்திருக்காது.

செப்டம்பர், மார்ச் ரிசல்ட்டில் பேலன்ஸ் ஷீட்டும் பணப்புழக்க அறிக்கையும் வரும். லாபம் கூடியும் செயல்பாட்டுப் பணப்புழக்கம் தொடர்ந்து மைனஸ் என்றால், அல்லது வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறினால், 300-ஐயும் விற்றுவிடுங்கள். ஆடிட்டர் பாதியில் விலகினால் காரணம் தேடாமல் விற்கலாம். புரமோட்டர்கள் (கம்பெனியைக் கையில் வைத்திருப்பவர்கள்) தங்கள் பங்கை அடமானம் வைத்திருக்கிறார்களா என்று காலாண்டு முடிந்து 21 நாளில் வரும் பங்குதாரர் பட்டியலில் பாருங்கள். வாரண்ட் (குறித்த விலைக்குப் பிறகு பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை) கொடுத்தால் 25% மட்டும் முன்பணம், மீதிக்கு 18 மாதம் அவகாசம். முழுப் பணமும் வந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்ற அறிவிப்பையும் ஆர்டர் என்று எண்ண வேண்டாம்.

2000-ல் பங்குத் தரகர் கேதன் பாரேக் விலையை ஏற்றிய 'கே-10' பங்குகளில் சென்னையின் பென்டமீடியா கிராபிக்ஸும் இருந்தது. ஆயிரங்களில் இருந்த விலை பிறகு சில ரூபாய்க்கு வந்தது. 160-க்கு வாங்கியவரும் 640-க்கு வாங்கியவரும் அப்படியொரு சரிவில் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

வொய்ட்ஃபீல்டு_வாசி

ரொம்ப நன்றி. 260-ஐ ஒரே நாளில் போடலாமா, பிரிச்சுப் போடணுமா?

மடிவாளா_டிரேடர்

20,000 வால்யூமில் 260 பெரிசில்லை, ஒரே நாளில் போகும். மார்க்கெட் ஆர்டர் மட்டும் வேண்டாம், வாங்குற வரிசையில் முதல் விலையைப் பார்த்து லிமிட் போடுங்க. 9:30 வரை விட்டுடுங்க, அதுக்குள்ள வாங்குற விலைக்கும் விற்கிற விலைக்கும் இடைவெளி அகலமா இருக்கும். விற்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சரிபாருங்க: இந்த நிதியாண்டில் ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்ட் ஏதாவது விற்று நீண்ட கால லாபம் வந்திருந்தா, அதுவும் அதே 1.25 லட்சத்துக்குள்ளதான். அப்படின்னா 260-ஐக் குறைச்சுக்கணும்.