ஊருக்குப் போகாத முதல் பொங்கல்: புனே விடுதியில் எப்படிப் பொங்க வைப்பது?

தாமிரபரணி_21 கேட்டது:

வணக்கம். புனேயில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பொங்கலை ஒட்டித் தேர்வு வருவதால் இந்த முறை ஊருக்குப் போக முடியாது. பெண்கள் விடுதியில் தமிழ்ப் பிள்ளைகள் எட்டுப் பேர் இருக்கிறோம். இங்கேயே பொங்கல் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எந்த நேரம், எந்தத் திசை, யார் அரிசி போடுவது என்பதெல்லாம் பெரியவர்கள் முடிவு. இங்கே கேட்க ஆளில்லை. அந்தச் சுதந்திரம் பிடித்திருக்கிறது. ஆனால் யாரும் சொல்லாவிட்டால் அப்படியே விட்டுப்போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. நாளைக்கு வேலை எந்த ஊரில் அமையுமோ தெரியாது. எங்கே இருந்தாலும் என் கையால் செய்துகொள்ளும் அளவுக்குக் கற்றுக்கொள்ள ஆசை.

மண்பானையை இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா? எட்டுப் பேருக்கு என்ன அளவு? மஞ்சள் கொத்து, கரும்பு, மொச்சை இங்கே கிடைக்குமா? இன்னொன்று: அன்று எனக்கு மாதவிலக்கு நாளாக இருக்கும் போலிருக்கிறது. வீட்டில் என்றால் ஒதுங்கி உட்கார்ந்துவிடுவேன். இங்கே சமைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

உலைநீர்:

முதலில் அடுப்பு. மண், பித்தளை, வெண்கலம், வெறும் அலுமினியம் எதுவும் இண்டக்‌ஷனில் சூடாகாது. அடியில் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால்தான் அந்தப் பாத்திரம் ஆகும். அறையின் சிறிய பிளக் 6 ஆம்பியருக்கானது. 2000 வாட்டில் வைத்தால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மின்சாரம் போய்விடும் அல்லது பிளக் கருகும். 1200 வாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். எக்ஸ்டென்ஷன் போர்டு வேண்டவே வேண்டாம். வார்டனிடம் ஒரு வாரம் முன்பே எழுத்தில் கேட்டு, மெஸ்ஸில் ஒரு கேஸ் அடுப்பை ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்வதுதான் நல்லது. பொங்கி வழியும் பால் இண்டக்‌ஷனின் காற்றுத் துளைக்குள் இறங்கினால் அடுப்பு அதோடு போச்சு.

பலரும் கோட்டை விடுவது பானை அளவில். மூன்று, நான்கு லிட்டர் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் வைத்துவிட்டுப் பொங்கவில்லையே என்று நிற்பார்கள். கழுத்து குறுகிய 2 லிட்டர் பாத்திரம் எடுங்கள். அரிசி களைந்த இரண்டாவது தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், பால் கால் லிட்டர் ஊற்றுங்கள். வெறும் தண்ணீர் கொதிக்கும், பொங்காது. பாலின் ஆடையும் அரிசித் தண்ணீரின் கஞ்சிப் பசையும் ஆவியை மேலே விடாமல் பிடித்து வைப்பதால்தான் நுரை ஏறுகிறது. நுரை கழுத்தைத் தொட்டதும் கரண்டி போடாதீர்கள், கிண்டினால் அடங்கிவிடும். வழிய விட்டுக் குலவை போட்டுவிட்டு உடனே தீயைக் குறையுங்கள்.

பிறகு அரை லிட்டரை மொண்டு தனியே வையுங்கள். 200 கிராம் அரிசி, சிவக்க வறுத்த 50 கிராம் பாசிப்பருப்பு போடுங்கள். இறுகி வந்தால் மொண்டு வைத்ததையே திரும்ப ஊற்றலாம். அரிசி விரலில் மசிந்த பிறகுதான் வெல்லம். முன்னாலேயே போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாது.

முளா_முட்டா:

சந்தை விவரம் நான் சொல்கிறேன். சங்கராந்திக்கு முந்தைய வாரம் 'மண்டை' எனப்படும் காய்கறிச் சந்தையிலும் தெருவோரங்களிலும் சின்னச் சின்ன மண் கலயம் குவித்து விற்பார்கள், 'சுகட்' என்று பெயர். பார்த்ததும் பொங்கல் பானை என்று வாங்கிவிடாதீர்கள். அது கரும்புத் துண்டு, இலந்தை, கேரட், பச்சைக் கடலை போட்டுப் பூஜையில் வைப்பதற்கானது. தீயில் வைத்தால் விரிசல் விடும். அழகுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பு தாராளமாகக் கிடைக்கும். இலையோடு மஞ்சள் கொத்து கிடைப்பது கஷ்டம். 'ஓலி ஹளத்' என்று கேட்டால் பச்சை மஞ்சள் கிழங்கு தருவார்கள், நூலில் கோத்துப் பானைக் கழுத்தில் கட்டலாம். மொச்சைக்குப் 'பாவ்டா'. இங்கும் முந்தைய நாள் போகிதான். அன்றைக்குக் கம்பு ரொட்டியும் பல காய் போட்ட 'போகிச்சி பாஜி'யும் செய்வார்கள். அதனால் நம் பொங்கல் குழம்புக்கான காய் பெரும்பாலும் ஒரே கடையில் அமைந்துவிடும்.

அரிசிக்கு இந்திராயணி வாங்குங்கள். மணமும் பசையும் உள்ள அரிசி, குழைந்து வரும். புது அறுவடையா என்று கேட்டு வாங்குங்கள், புது அரிசிக்குத் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும். கோலாப்பூர் வெல்லம் வெளிர் மஞ்சளாக இருப்பதால் பொங்கலும் வெளிறித்தான் இருக்கும். நிறம் குறைகிறதே என்று கூடுதலாகப் போட்டால் திகட்டிவிடும்.

தாமிரபரணி_21:

ரொம்ப நன்றி. இந்திராயணி மெஸ் பக்கத்துக் கடையிலேயே இருக்கிறது. வெல்லம் சேர்த்ததும் பால் திரிந்துபோகும் என்கிறார்களே, அதற்கு என்ன செய்ய?

உலைநீர்:

வெல்லத்தில் லேசான புளிப்பு உண்டு. தளதளவென்று கொதிக்கும் பாலில் விழுந்தால் திரியும். 350 கிராம் வெல்லத்தை 150 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மூன்று நான்கு நிமிடம் கொதிக்க விடுங்கள். கம்பிப் பதம் வேண்டாம், விரலில் பிசுபிசுத்தால் போதும். அது ஆறட்டும். அரிசி பாலை முழுக்க இழுத்த பிறகு தீயை அணைத்துவிட்டுக் கலந்து, மறுபடி சிறு தீயில் ஐந்து நிமிடம் கிளறுங்கள். நெய் 100 மில்லி, முந்திரி இருபது, ஏலக்காய் ஐந்து. பச்சைக் கற்பூரம் கடுகளவு, கூடினால் கசக்கும். இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், ஆறினால் இறுகும்.

கோலப்பொடி:

தாமிரபரணி, மாதவிலக்கைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்மா. நீயே பொங்கு. தைப்பொங்கலுக்குப் பூசாரி வேண்டாம், கோயில் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். வாசலில் அடுப்பு, எதிரே சூரியன், அவ்வளவுதான். அதனால்தான் இது எந்த ஊருக்கும் நம்மோடு கூட வருகிறது. ஒதுங்கச் சொன்னது வீட்டு வழக்கம். அதை வீட்டுப் பெரியவர்களோடு சண்டை போட்டு முடிவு செய்ய இது நேரமில்லை. ஆனால் உன் அடுப்புக்கு நீதான் பெரியவள். வயிற்று வலி இருந்தால் மட்டும் கிளறுவதை மற்றவளிடம் கொடு, கடைசிக் கிளறலுக்குக் கை வலு வேண்டும்.

வைத்துக்கொள்ள வேண்டியவை என்று எனக்குப் படுவது புது அரிசி, சூரியனுக்கு முதல் படையல், அக்கம்பக்கத்துக்கு ஒரு கிண்ணம். அங்கே எள்ளுருண்டை கொடுத்து 'தில்குள் க்யா, கோட் கோட் போலா' என்பார்கள். இனிப்பு வாங்கிக்கொள், இனிமையாகப் பேசு என்று பொருள். வாங்கிக்கொண்டு நீ பொங்கல் கொடு. போகிக்குப் பழைய துணியை எரிக்காதே, துவைத்து யாருக்காவது கொடு.

இடத்தை முந்தைய நாளே பார்த்துவை. ஜனவரியில் சூரியன் நேர்க் கிழக்கில் உதிப்பதில்லை, தென்கிழக்குப் பக்கம் தள்ளித்தான் வரும். மொட்டை மாடியின் எந்த மூலையில் தண்ணீர்த் தொட்டி மறைக்காது என்று பார். புனேயில் விடிவது ஏழு மணி கடந்துதான், சென்னையைவிட அரை மணி நேரம் தாமதம். உன் வீட்டில் பொங்கி முடித்த பிறகுதான் உங்களுக்கு வெயில் வரும். அம்மா வேலை முடித்து வீடியோ அழைப்புக்கு உட்கார அது தோதான நேரம். தேதியைத் தமிழ் நாட்காட்டியில் சரிபார்த்துக்கொள். தை 1 என்பது 2024இல் ஜனவரி 15, 2025இல் ஜனவரி 14.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அம்மா 'ரெண்டு ஆழாக்கு' என்றால் அது எவ்வளவு என்று இப்போதே கேட்டுவை. ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லி என்று கணக்கு, ஆனால் வீட்டில் புழங்கும் டம்ளர் வேறாக இருக்கும். அவர்கள் டம்ளரில் தண்ணீர் நிரப்பி, மில்லி கோடு போட்ட குடுவையில் ஊற்றிப் படம் அனுப்பச் சொல்.

தாமிரபரணி_21:

இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன் அக்கா. எங்கள் வீட்டு 'ஆழாக்கு' 200 மில்லி. வார்டனுக்குக் கடிதமும் எழுதிவிட்டோம்.