கருவி தொடாத ஆறு குரல்கள்

குழு: பெத்தேல் குடும்பம்

ஜெபராஜ் பெரியப்பா (மாலை 6:40): டேனி, நீ அனுப்பிய 'டேக் 6' பாடகர் குழுவின் ஆல்பத்தில் உள்ள பத்துப் பாடல்களையும் கேட்டு முடித்தேன். ஆறு பேரின் குரல்வளமும் அபாரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜாஸ் இசையின் நெளிவுசுளிவுகள் இத்தனை கலந்திருக்கும்போது, கேட்கிறவன் மனம் ஆண்டவரிடம் போகுமா, பாடுகிறவர்களின் சாமர்த்தியத்திலேயே நின்றுவிடுமா என்பதுதான் என் கேள்வி.

டேனி (மாலை 6:52): பெரியப்பா, அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஹன்ட்ஸ்வில் நகரில், செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையார் கறுப்பின மாணவர்களுக்காக 1896இல் தொடங்கிய ஓக்வுட் கல்லூரியில் படித்தவர்கள் அவர்கள். 1980இல் கிளாட் மெக்நைட் அங்கே நால்வர் குழு ஒன்றைத் தொடங்கினார். அவர்கள் விடுதிக் குளியலறையில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் வந்த மார்க் கிபிள் பாட்டைக் கேட்டு, தானாகவே ஐந்தாவது குரலாகச் சேர்ந்துகொண்டாராம். பிறகு மெர்வின் வாரனையும் அவரே அழைத்து வந்தார். 1987இல் 'டேக் 6' என்ற பெயர் வந்தது, 1988இல் இந்த முதல் ஆல்பம் வெளியானது. ஜாஸை அவர்கள் அலங்காரத்துக்காக வெளியிலிருந்து கடன் வாங்கவில்லை. சபையில் பாடி வளர்ந்த அதே பிள்ளைகள் கேட்டு வளர்ந்த இசையும் அதுதான்.

ஹெலன் சித்தி (மாலை 6:58): குளியலறையில் எதிரொலி நன்றாக இருந்திருக்கும். பின்னணியில் ஒரு கீபோர்டுகூட இல்லையா டேனி? சில இடங்களில் பேஸ் கிட்டார் கேட்பதுபோல் இருக்கிறதே.

டேனி (மாலை 7:01): இல்லை சித்தி, எல்லாமே வாய்தான். 'ஸ்ப்ரெட் லவ்' பாட்டில் பேஸ் கிட்டாராகத் தோன்றுவது மனிதக் குரல்.

பியூலா அக்கா (மாலை 7:20): பெரியப்பா, நான்காவதாக வரும் 'எ க்வைட் பிளேஸ்' பாட்டை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள். எழுதியவர் ரால்ஃப் கார்மைக்கேல். பரபரப்பை விட்டு ஒதுங்கி, தேவனோடு தனித்திருக்கும் அமைதியான இடத்தைப் பற்றிய பாடல் அது. நம் பாடகர் குழுவில் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரல்கள் தள்ளித்தள்ளி நிற்கும்; இங்கே ஆறு ஆண் குரல்கள், சில இடங்களில் அடுத்தடுத்த ஸ்வரங்களாகத் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அப்படி நெருங்கும்போது உறுத்தல் வர வேண்டும். ஆனால் ஒருவரும் தன் குரலை மற்றவரைவிட உயர்த்தாமல், அதிர்வு சேர்க்காமல், ஒரே மூச்சில் உயிரெழுத்தை ஒரே வடிவில் பிடித்திருப்பதால் அந்த உறுத்தலே இனிமையாகிவிடுகிறது. ஆல்ட்டோ பாடுகிற எனக்கு, நடுக்குரல் எந்த வழியாகப் போகிறது என்று பின்தொடர்வதே போதும். தனித்துத் தெரிய விரும்புகிறவன் ஒருவன் இருந்தாலும் இந்தப் பாட்டு உடைந்துபோகும். இதைத் திறமைக் காட்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஜெபராஜ் பெரியப்பா (இரவு 7:41): நீ சொன்னபடி நடுக்குரலைக் கவனித்துக் கேட்டேன் பியூலா. நீ சொல்வது சரிதான், அந்தப் பாட்டில் எனக்கு மறுப்பில்லை. 'டேவிட் அண்ட் கோலியாத்' வேகமாக ஓடும்போதுதான் கதையைவிட ஓட்டமே பெரிதாகத் தெரிகிறது.

டேனி (இரவு 7:46): அது சிறுவர்களுக்குக் கதை சொல்வதுபோல் குதூகலமாகப் பாடியது, பெரியப்பா. அதிலும் சம்பவத்தை அவர்கள் மாற்றவில்லை. இந்த ஆல்பத்தால் 1989இல் அவர்களுக்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. ஒன்று ஆல்பத்துக்காக, காஸ்பல் எனும் கிறிஸ்தவ நற்செய்தி இசைப் பிரிவில்; மற்றொன்று 'ஸ்ப்ரெட் லவ்' பாட்டுக்காக, ஜாஸ் குரலிசைப் பிரிவில். ஜாஸ் ரசிகர்களிடம் போய்ச் சேர்வதற்காக இயேசுவின் பெயரை அவர்கள் அடக்கி வாசிக்கவில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஹெலன் சித்தி (இரவு 7:55): 'ஹீ நெவர் ஸ்லீப்ஸ்' என்ற தலைப்பைப் பார்த்தவுடனே, காக்கிறவர் உறங்குவதில்லை என்று சொல்லும் 121ஆம் சங்கீதம் எனக்கு நினைவுக்கு வந்தது. கடைசிப் பாட்டு 'லெட் த வேர்ட்ஸ்' 19ஆம் சங்கீதத்தின் கடைசி வசனமேதான்: வாயின் வார்த்தைகளும் இருதயத்தின் தியானமும் அவருக்குப் பிரியமாயிருக்க வேண்டும் என்ற விண்ணப்பம். அண்ணா, நீங்கள் கேட்ட கேள்வியைப் பாடகர்களே ஜெபமாக வைத்து ஆல்பத்தை முடித்திருக்கிறார்கள்.

ஜெபராஜ் பெரியப்பா (இரவு 8:03): ஆமாம் ஹெலன், அதை நான் கவனிக்காமல் கடந்துவிட்டேன். இவர்கள் பின்னாளிலும் கருவி இல்லாமலேதான் பாடினார்களா?

டேனி (இரவு 8:06): 1994இல் வந்த 'ஜாயின் த பேண்ட்' ஆல்பத்தில் இசைக்கருவிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 1991இல், மெர்வின் வாரன் விலகி, மார்க்கின் தம்பி ஜோயி கிபிள் சேர்ந்துவிட்டார். 'ஜாயின் த பேண்ட்' நல்ல ஆல்பம்தான், ஆனாலும் என் மனம் முதலாவதையே நாடுகிறது.

பியூலா அக்கா (இரவு 8:10): எனக்கும் அப்படித்தான்.

ஜெபராஜ் பெரியப்பா (இரவு 8:15): ஞாயிறு மாலைக் குடும்ப ஜெபத்தில் 19ஆம் சங்கீதத்தை வாசித்த பிறகு அந்தக் கடைசிப் பாட்டைப் போடலாம். டேனி, உன் ஸ்பீக்கரைக் கொண்டு வா. என் கைப்பேசியில் பேஸ் குரல் சரியாகக் கேட்பதில்லை.