மில்ஃபோர்டு சவுண்ட்: சின்ன குழு பிரீமியம் டூருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

திருவான்மியூர் பாலா:

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு நியூசிலாந்து போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், அப்புறம் அப்பா அம்மா. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகக் கிறைஸ்ட்சர்ச், அங்கிருந்து குயின்ஸ்டவுன், அங்கே நான்கு இரவு. விசா வந்துவிட்டது, விமான டிக்கெட்டும் போட்டாயிற்று. குயின்ஸ்டவுன் ஓட்டலை மட்டும் இன்னும் மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பஞ்சாயத்து மில்ஃபோர்டு சவுண்டுக்கு எதில் போவது என்பதுதான். தி.நகர் டிராவல்ஸ்காரர் பெரிய பஸ் டூரே போதும் என்கிறார். என் மனைவியோ இணையத்தில் தேடி ஒரு பிரீமியம் டூரைப் பிடித்து வைத்திருக்கிறாள்: கண்ணாடிக் கூரை வைத்த மினி பஸ், ஆட்கள் குறைவு, வழியில் நிறைய இடங்களில் நிறுத்துவார்களாம், மதியச் சாப்பாடும் ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்த நீர்வழி, மில்ஃபோர்டு சவுண்டே அதுதான்) கப்பல் சவாரியும் அதிலேயே அடக்கம். ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசத் தொகையில் இங்கே நல்ல டபுள் டோர் ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கிவிடலாம், அதனால்தான் கை தயங்குகிறது.

அப்பாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. அம்மாவுக்கு ஏற்காடு போனாலே மூன்றாவது வளைவில் வாந்தி. இருவரும் சுத்த சைவம், அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். அங்கேயும் இடது பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள் என்பதால் நானே கார் எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்றும் ஒரு யோசனை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கரையோரக் காக்கை:

பாலா, சின்ன குழு டூரில்தான் நாங்கள் போனோம், எங்களோடும் வயதானவர்கள் இருந்தார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் சாலைக்குத்தான், கப்பலுக்கு இல்லை. பல பிரீமியம் டூர்களில் பஸ் மட்டும்தான் உங்கள் குழுவுக்கு. மில்ஃபோர்டு போனதும் மற்ற பஸ்களில் வந்த கூட்டத்தோடு அதே பெரிய கப்பலில்தான் ஏற்றிவிடுவார்கள். சிலர் சின்னப் படகு வைத்திருக்கிறார்கள். அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மெயில் போட்டு, எந்தக் கப்பல், எத்தனை பேர் ஏறுவார்கள், எத்தனை மணிக்குப் புறப்படும் என்று கேட்டு வாங்குங்கள். நடுப்பகலில்தான் குயின்ஸ்டவுன் பஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து கொட்டும். அந்தக் கூட்டத்துக்கு முன்போ பின்போ கப்பல் இருந்தால் அதுவே பாதி பிரீமியம்.

சாலைக்கு ஏன் காசு என்று கேட்பீர்கள். குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டுக்கு ஏறக்குறைய 290 கிலோமீட்டர், நிறுத்தாமல் போனாலே நாலு மணி நேரம். போக வர எட்டு மணி நேரம் வண்டியில், கப்பலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அதாவது அந்த நாளில் பெரும்பகுதி நீங்கள் பார்ப்பது சாலையைத்தான். அந்தச் சாலையும் சும்மா இல்லை. டெ அனாவ் ஊரைத் தாண்டியதும் எக்லிண்டன் பள்ளத்தாக்கு, பொன்னிறப் புல்வெளி, இரண்டு பக்கமும் மலைச்சுவர். அதற்கப்புறம் மிரர் ஏரிகள், காற்று இல்லாத நேரத்தில் மலை தலைகீழாக அப்படியே தெரியும். ஐம்பது பேர் பஸ் என்றால் எல்லோரும் இறங்கி ஏறுவதற்குள் பத்து நிமிடம் போய்விடும், அதனால் நிறுத்தங்கள் குறைவு. சின்ன வண்டியில் ஓட்டுநர் வானத்தைப் பார்த்துவிட்டு, இங்கே இப்போது வேண்டாம், திரும்பும்போது வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று மாற்றிக்கொள்வார்.

ஹோமர் சுரங்கப்பாதையை மறக்கவே மாட்டீர்கள். 1.2 கிலோமீட்டர்தான், ஆனால் உள்ளே நல்ல சரிவாக இறங்கும், பாறையைச் செதுக்கியது அப்படியே கரடுமுரடாகத் தெரியும். 1935-ல் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களை வைத்துக் கடப்பாரை மண்வெட்டியோடு தோண்ட ஆரம்பித்து, பனிச்சரிவில் ஆட்கள் செத்து, நடுவில் போர் வந்து நின்றுபோய், 1954-ல்தான் திறந்தார்கள். நெரிசல் நாட்களில் ஒரு பக்கம் நிறுத்தி ஒரு பக்கம் விடுவார்கள். சிக்னலுக்காக நிற்கும்போது கியா என்ற மலைக்கிளி வந்து காரின் ரப்பர் பீடிங்கைப் பிய்க்கும். எங்கள் கண்முன்னாலேயே ஒன்று முன்னால் நின்ற காரின் கூரையில் ஏறி ஏரியல் குச்சியை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது, உள்ளே இருந்தவர் தட்டத் தட்ட அது அசையவே இல்லை. மகளுக்கு இதுதான் பிடிக்கும் பாருங்கள். தீனி மட்டும் போடக்கூடாது, அவற்றுக்குக் கேடு.

அப்பா விஷயத்தில் ஒன்று கேளுங்கள்: மினி பஸ்ஸில் ஏறும் படி எவ்வளவு உயரம், கீழே ஒரு முக்காலி வைப்பார்களா. சில வண்டிகளில் முதல் படியே முழங்கால் உயரத்துக்கு இருக்கும்.

சக்கரம் நிற்காது:

காரில் போங்கள் என்றுதான் நான் சொல்வேன், ஆனால் குயின்ஸ்டவுனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டாம். எட்டு மணி நேரம் நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பின்னால் அம்மாவுக்கு வாந்தி, பக்கத்தில் கூகுள் மேப் செத்துப்போயிருக்கும். டெ அனாவ் தாண்டினால் பெரும்பாலான தூரத்துக்கு செல்போன் சிக்னலே கிடையாது. பெட்ரோலையும் அங்கேயே நிரப்பிவிட வேண்டும். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலங்கள் வரும், யாருக்கு முன்னுரிமை என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள், நம் ஊர் மாதிரி லைட் அடித்துவிட்டு நுழைய முடியாது. மில்ஃபோர்டில் பார்க்கிங்குக்கும் காசு, சீசனில் நிரம்பிவிடும். காசில்லாத இடத்தில் விட்டால் படகுத்துறைக்கு நல்ல தூரம் நடக்க வேண்டும், அப்பா முழங்காலுக்கு அது ஆகாது.

நாங்கள் செய்தது: டெ அனாவில் இரண்டு இரவு தங்கினோம். அங்கிருந்து மில்ஃபோர்டு 120 கிலோமீட்டர்தான், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. காலையில் கிளம்பினால் குயின்ஸ்டவுன் பஸ்கள் வருவதற்குள் கப்பலில் இருக்கலாம். டிசம்பரில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் திரும்பும்போது அவசரமே இல்லை. தமிழ்நாட்டு லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் கார் எடுப்பதில் சிக்கல் வரவில்லை.

மாம்பலம் மாமி:

பாலா தம்பி, ஆண்கள் எல்லோரும் சாலையும் சுரங்கமும் பேசுகிறீர்கள், அம்மா என்ன சாப்பிடுவார் என்று ஒருவரும் சொல்லவில்லை!

முதலில் விமான நிலையம். எந்த உணவுப் பொருள் கொண்டுபோனாலும் நுழைவு அறிவிப்புப் படிவத்தில் அறிவித்தே ஆக வேண்டும். மறந்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம், கெஞ்சினாலும் விடமாட்டார்கள். பழம், தேன், கறிவேப்பிலை, விதை எதுவும் கூடாது. கடையில் சீல் வைத்து வாங்கிய பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் மாதிரியானவற்றை மேலாகவே வைத்து, இதோ இருக்கிறது என்று காட்டுங்கள். விடுவதா எடுப்பதா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் செய்த தொக்கை டப்பாவில் அடைத்துக் கொண்டுபோக அம்மா ஆசைப்படுவார், பேசாமல் இங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். செருப்பு ஷூவில் மண் ஒட்டியிருந்தால் அதையும் கழுவிவிட்டுப் போங்கள்.

டூரில் தரும் மதியச் சாப்பாட்டில் சைவம் என்றால் முட்டை, சீஸ் எல்லாம் இருக்கும். முட்டை வேண்டாம் என்பதைத் தனியாக எழுதிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீகன் என்று பதிவு செய்துவிடுங்கள், அதுதான் பாதுகாப்பு. அப்படியும் முதல் நாள் இரவே குயின்ஸ்டவுனில் இந்திய ஓட்டலில் நான்கு சப்பாத்தி கட்டி வாங்கி வைத்துவிட்டால் நிம்மதி. மில்ஃபோர்டில் கடை கண்ணி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

வாந்திக்கு: குயின்ஸ்டவுனிலிருந்து கிளம்பியதும் வகாடிபு ஏரியை ஒட்டியே சாலை வளைந்து வளைந்து போகும், அப்புறம் நடுவில் சமவெளி, கடைசியில் சுரங்கத்தின் இரண்டு பக்கமும் மறுபடி வளைவு. டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். முன் இருக்கை வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொன்னால் சின்ன குழுவில் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள். பெரிய பஸ்ஸில் அது நடக்காது, எனக்கு இந்த ஒரு காரணமே போதும். கப்பலைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஃபியோர்டுக்குள் தண்ணீர் பொதுவாக அடங்கியே இருக்கும். டாஸ்மன் கடல் வாய்க்குப் போய்த் திரும்பும் அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆடும்.

கடைசியாக, மணல் ஈ. பார்க்கக் கடுகளவு, கடித்தால் வாரக்கணக்கில் அரிக்கும். கப்பலில் வராது, கரையில் நிற்கும்போதுதான் மொய்க்கும். கணுக்காலை மூடும் சாக்ஸ், கொசு விரட்டும் மருந்து இரண்டும் வேண்டும்.

பட்ஜெட் பரமசிவம்:

மாமி சொன்னது எல்லாம் சரி. ஆனாலும் பெரிய பஸ் ஒன்றும் மோசமில்லை. அதிலும் கண்ணாடிக் கூரை உண்டு, கழிவறை வைத்த பஸ்ஸும் உண்டு, மினி பஸ்ஸில் அது இருக்காது. வயதானவர்களை வைத்துக்கொண்டு அதையும் யோசியுங்கள். மில்ஃபோர்டில் நிற்கும் மைட்டர் சிகரம் இரண்டு டிக்கெட்டுக்கும் ஒரே உயரம்தான்.

திருவான்மியூர் பாலா:

அனைவருக்கும் நன்றி, கழிவறை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு சந்தேகம். அந்த ஊரில் எப்போதும் மழை என்கிறார்கள். இவ்வளவு காசு கட்டி, போன அன்று மழை கொட்டினால்? தேதியை மாற்றும் வசதியோடு எடுப்பதா?

கரையோரக் காக்கை:

மழைக்காக மாற்றாதீர்கள், தயவுசெய்து. அங்கே ஆண்டுக்குச் சுமார் 6,800 மில்லிமீட்டர் மழை, சென்னையில் பெய்வதைப் போல ஐந்து மடங்குக்குக் கிட்டத்தட்ட. வெயில் நாளில் போனால் நிரந்தர அருவிகள் இரண்டுதான், போவன், ஸ்டிர்லிங். மழை பெய்தால் அந்தக் கருங்கல் சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில் வெள்ளைக் கோடுகளாக அருவி இறங்கும். சில கோடுகள் பாதி வழியிலேயே காற்றில் சிதறிக் காணாமல் போகும், தண்ணீர் கீழே வந்து சேராது. மழை நின்ற சில மணி நேரத்தில் பெரும்பாலானவை போய்விடும். எங்களுக்கு நல்ல தூறல். சிகரத்தின் தலை தெரியவில்லை, ஒருவரும் வருத்தப்படவில்லை.

ஸ்டிர்லிங் அருவி 150 மீட்டர் உயரம், கப்பலின் மூக்கை அதற்கு அடியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். எங்கள் கப்பலில் முன்னால் நின்றவர்களிடம் காலி டம்ளர்களை வைத்த தட்டு ஒன்றைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள், ஒரு நிமிடத்தில் டம்ளர்களில் பாதி நிறைந்தது, பிடித்தவர் முழுக்க நனைந்தார். மகள் நிச்சயம் முன்னால் ஓடுவாள், மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா உள்ளே கண்ணாடி ஓரம் உட்கார்ந்தே பார்க்கலாம்.

ஆனால் மழைக்கும் சாலை மூடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் பெருமழையில் அந்தச் சாலையே பல இடங்களில் அரித்துப்போய், உள்ளே மாட்டிய பயணிகளை ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். பனிச்சரிவு ஆபத்து குளிர்காலம், வசந்தகாலத்தில்தான் அதிகம், டிசம்பர் கடைசியில் அந்தக் கவலை குறைவு. சாலை மூடினால் முழுப் பணமும் திரும்ப வருமா என்று மட்டும் விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள். மில்ஃபோர்டை உங்கள் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள், முதலிலேயே வைத்தால் தள்ளிப்போனாலும் இடம் இருக்கும்.

சக்கரம் நிற்காது:

இன்னொரு வழியும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து. டெ அனாவிலிருந்தே கிளம்பும் சின்ன குழு டூர்கள் உண்டு. குயின்ஸ்டவுன் நான்கு இரவில் இரண்டை அங்கே மாற்றிவிட்டால், ஒரே நாளில் அம்மாவுக்கு வளைவும் பாதி, அப்பாவுக்கு உட்காரும் நேரமும் பாதி, நீங்களும் மலைச்சாலையில் ஓட்ட வேண்டாம்.

திருவான்மியூர் பாலா:

இதுதான் வீட்டில் எல்லோருக்கும் ஒத்துவரும் போலிருக்கிறது. இப்போதே இரண்டு டூர்காரர்களுக்கு மெயில் போட்டுவிட்டேன்: எந்தக் கப்பல், படி உயரம், முட்டை இல்லாத சாப்பாடு, வழியில் கழிவறை எங்கெங்கே, சாலை மூடினால் பணம். யார் ஐந்துக்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான் பணம். கப்பலில் எந்தப் பக்கம் உட்காருவது நல்லது?

கரையோரக் காக்கை:

பக்கம் பார்க்காதீர்கள். பொதுவாகப் போகும்போது ஒரு கரையை ஒட்டிப் போய், வரும்போது மறு கரையை ஒட்டி வருவார்கள், மைட்டர் சிகரம் போகும்போது, ஸ்டிர்லிங்கும் நீர்நாய் மாதிரித் தெரியும் ஃபர் சீல்கள் படுத்திருக்கும் பாறையும் வரும்போது. ஆனால் டெ அனாவுக்குப் போகும் வழியில் குயின்ஸ்டவுனிலிருந்து கிளம்பும்போது ஏரி வலது பக்கம் வரும், அம்மாவை முன்னால் உட்கார வைத்துவிட்டு மகளை வலது ஜன்னலில் போடுங்கள்.