மூடுபனிப் படங்களுக்கு எந்த ஃபில்டர்? என் அனுபவம்

விடியற்காலைப் பனியை விரும்பி எடுப்பவன் நான். ஃபாக் ஃபில்டர் (லென்ஸின் முன்னால் மாட்டி, படத்தைப் பனி படர்ந்ததுபோல் வெளுக்க வைக்கும் கண்ணாடி) வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். என் கையால் போட்டுப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நிஜப் பனியில் தூரம் தெரியும். பக்கத்து மரம் கறுப்பாக நிற்கும், அடுத்தது சாம்பல் நிறம், அதற்கும் அடுத்தது இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். ஃபில்டருக்கு இந்தத் தூரக் கணக்கு கிடையாது. முன்னால் நிற்பதையும் பின்னால் நிற்பதையும் ஒரே அளவில்தான் வெளுக்க வைக்கும். அதனால் பனியே இல்லாத வேளையில் போட்டால் பனி வராது, கான்ட்ராஸ்ட் குறைந்த படம்தான் வரும்.

ஏற்கெனவே லேசான பனி இருந்து, ஃப்ரேமுக்குள் ஒரு விளக்கோ எதிர்வெயிலோ இருந்தால் கதையே வேறு. நடைபாதை விளக்கு ஒன்றை பிளாக் ப்ரோ-மிஸ்ட் 1/4 (ஒளியைப் பரவ விடும் டிஃப்யூஷன் ஃபில்டர்; 1/4 என்பது அதன் வீரியம், 1/8 அதைவிட லேசானது) போட்டும் போடாமலும் எடுத்தேன். போடாத படத்தில் விளக்கு சின்ன வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் மெல்லிய புகைபோல் பனி. போட்டதில் ஒளி வெளியே கசிந்து, பக்கத்துக் கிளைகளின் ஓரத்தையெல்லாம் தொட்டு, பனி கனமானது போலவே இருந்தது. இந்த ஒன்றுக்காகவே அதை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். ஒரு விஷயம்: 24 மி.மீ. அகலக்கோண லென்ஸில் அடக்கமாகத் தெரியும் 1/4, 85 மி.மீ. டெலி லென்ஸில் தூக்கலாகத் தெரியும். டெலி லென்ஸுக்கு 1/8 போதும்.

போலரைசரை (பிரதிபலிப்பையும் பளபளப்பையும் குறைக்கும் ஃபில்டர்) பனிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தூரத்து மங்கலை, அதுவும் சூரியனுக்குப் பக்கவாட்டில் பார்க்கும்போது, அது குறைத்துவிடும். நமக்கு வேண்டியதே அந்த மங்கல்தானே! அடர்ந்த பனியில் அதனால் பெரிதாக மாற்றம் இல்லை, வெளிச்சம் மட்டும் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை போகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). காட்டுக்குள் ஈர இலைகளின் பளபளப்பை அடக்க மட்டும் மாட்டுவேன்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுப்பவர்கள் நீல ஃபில்டரை (47ஆம் எண்) கட்டாயம் முயன்று பாருங்கள். தூரத்து மலைகளை மறைக்கும் மெல்லிய மங்கலில் இருப்பவை மிக நுண்ணிய துகள்கள். அவை நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். சிவப்பு ஃபில்டர் போட்டால் மலை தெளியும், நீலம் போட்டால் அடுக்கடுக்காகக் கரையும். ஆனால் அசல் மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிப்பதால் அங்கே எந்த நிறக் கண்ணாடியும் பெரிதாக உதவாது.

எந்த ஃபில்டராக இருந்தாலும் எக்ஸ்போஷரை +2/3 முதல் +1 ஸ்டாப் வரை ஏற்றிவிடுங்கள். கேமராவின் ஒளி மீட்டரை அப்படியே நம்பினால் வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாகிவிடும். நாலைந்து படத்துக்கு ஒருமுறை ஃபில்டரின் முன்பக்கத்தையும் பாருங்கள். கண்ணாடியில் ஈரம் படிந்தால் வ்யூஃபைண்டரில் அழகான பனி மாதிரியே தெரியும், பெரிய திரையில்தான் படத்தின் நடுவே பால்போல் படர்ந்திருப்பது புரியும்.

டிஃப்யூஷன் போட்டு எடுக்கும் ஒவ்வொரு ஃப்ரேமையும், ஃபில்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரவிய ஒளியைப் பிறகு எடிட்டிங்கில் திரும்பச் சுருக்க வழியில்லை.