பினெரோலோ மியூசியமும் "கடைசி" குதிரைப்படைத் தாக்குதலும்

கடிவாளம்: இத்தாலியின் பினெரோலோ குதிரைப்படை மியூசியம் பற்றி நேற்று ஒருத்தர் எழுதியதில், "உலகின் கடைசிக் குதிரைப்படைத் தாக்குதல் 1942 ஆகஸ்ட் 24, இஸ்புஷென்ஸ்கி" என்று அடித்துவிட்டிருக்கிறார். ரஷ்யாவில் இத்தாலியக் குதிரைப்படை பாய்ந்த இடம் அது. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அதே இத்தாலியர்கள் அதே வருஷம் அக்டோபர் 17-ல் குரோவேஷியாவில், போலொய் பக்கம் யூகோஸ்லாவியப் போராளிகள் மேல் பாய்ந்தார்களே, அது என்ன ஊர்வலமா?

வரலாற்றுப்பித்தன்: எழுதியவன் நான்தான். பெயர் சொல்லியே கேட்கலாம். இஸ்புஷென்ஸ்கியில், டான் நதிப் பக்கம், சவோயா என்கிற இத்தாலியக் குதிரைப்படை ரெஜிமெண்ட் வாளை உருவிக்கொண்டு சோவியத் காலாட்படை மேல் பாய்ந்தது. போலொயில் சுற்றி வளைத்தவர்களை உடைத்துக்கொண்டு தப்பப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றா?

கடிவாளம்: தப்பப் பாய்ந்தாலும் பாய்ச்சல்தான். ஆகஸ்டுக்கு அப்புறம்தான் அக்டோபர் வரும், எந்தக் காலண்டரிலும். நீங்கள் கொண்டாடும் இஸ்புஷென்ஸ்கியிலேயே அந்த ரெஜிமெண்டின் 4-வது ஸ்குவாட்ரன் (உட்பிரிவு) குதிரையை விட்டு இறங்கித்தான் தாக்கியது. அதை நடத்திய கேப்டன் சில்வானோ அப்பா 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நவீன பென்டத்லானில் (ஐந்து விளையாட்டு சேர்ந்த போட்டி) வெண்கலம் வாங்கியவர். அங்கேயே செத்தார். அவரைப் பற்றி உங்கள் பதிவில் ஒரு வரி உண்டா?

லாடம்: இரண்டு பேரும் 1942-ஐத் தாண்ட மாட்டீர்களா? 1945 மார்ச் 1-ல் போலந்துக் குதிரைப்படை போருய்ஸ்கோவில் ஜெர்மானியர் நிலைகள் மேல் பாய்ந்தது.

வரலாற்றுப்பித்தன்: அங்கே டாங்கியும் காலாட்படையும் கூட இருந்தன. கணக்கில் வராது.

லாடம்: கணக்கை எழுதுவதே நீங்கள்தான் என்றால் எதுவும் வராதுதான்.

சேணம்: அந்த மியூசியம் நிற்பது பழைய குதிரைப்படைப் பள்ளி இருந்த ஊரில். அந்தப் பள்ளியின் பெருமையே ஃபெடெரிகோ காப்ரில்லி என்கிற இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி. அவருக்கு முன்னால் தடை தாண்டுகிறவன் நீளமான அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையம்) காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுப்பான். வாய் வலியில் குதிரை தலையைத் தூக்கி, முதுகு விறைத்து இறங்கும். காப்ரில்லி அங்கவடியைக் குட்டையாக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, கழுத்தை அதன் போக்கில் விட்டார். இன்றைக்கும் தடை தாண்டுகிறவர்கள் உட்காருவது அப்படித்தான்.

வரலாற்றுப்பித்தன்: அவருக்கு முன்பே ரேஸ் ஜாக்கிகள் குனிந்து உட்கார்ந்தார்கள்.

கடிவாளம்: ஜாக்கி குனிவது வேகத்துக்கு. காப்ரில்லி 1902-ல் துரினில் 2.08 மீட்டர் உயரம் தாண்டிக் காட்டியவர். அந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் மியூசியத்தைப் பற்றி எழுத வந்துவிட்டீர்கள். முன்பு நமக்குள் நடந்த போர்க்குதிரை விவாதத்திலும் இப்படித்தான், பதில் இல்லை என்றதும் பேச்சை மாற்றினீர்கள். அக்டோபர் 17 எங்கே போச்சு?

வரலாற்றுப்பித்தன்: அந்த விவாதத்தில் ஓடியது நீங்கள். எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

கடிவாளம்: மாற்ற வேண்டாம். அக்டோபர் 17-க்குப் பதில் சொல்லுங்கள்.

லாடம்: அதற்கு அவர் சொன்னதும், மார்ச் 1-க்கு நீங்கள் சொல்லுங்கள்.