அடைத்த கடன் இன்னும் நிலுவை என்கிறது கடன் அறிக்கை: எப்படித் திருத்துவது?

ஈரோடு வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன், நான் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் என் கடன் அறிக்கையை முதன்முறையாக எடுத்துப் பார்த்தேன். 2021-இல் கடைசித் தவணை வரை கட்டி, தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் இருந்த அடமானக் குறிப்பையும் நீக்கிய பைக் கடன், ரூ.1,840 நிலுவையுடன் நடப்பில் இருப்பதாக அதில் உள்ளது. மாதவாரிக் கட்டங்களில் தாமத நாட்கள் 30, 60, 90 என்று ஏறிக்கொண்டே போகின்றன. அடிக்கடி பார்த்தால் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்பதற்கான மதிப்பெண்) குறையும் என்று ஒருவர் சொன்னதை நம்பி இத்தனை ஆண்டுகள் பார்க்காமலே இருந்துவிட்டேன். அது உண்மையா? இதை எப்படிச் சரிசெய்வது?

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஒரு புள்ளிகூடக் குறையாது, ஐயா. நாம் கடன் கேட்கும்போது வங்கி எடுத்துப் பார்ப்பதுதான் ஸ்கோரைப் பாதிக்கக்கூடிய விசாரணையாகப் பதிவாகும். அறிக்கை தரும் நிறுவனத்தின் இணையதளத்திலேயே முறையீடு செய்யுங்கள். ஆனால் கடன் கொடுத்தவர் உறுதிசெய்யாமல் அவர்கள் பதிவை மாற்ற மாட்டார்கள் என்பதால், தடையில்லாச் சான்றின் நகலுடன் அந்த நிதி நிறுவனத்துக்கும் எழுதி, கணக்கு விவரப் பட்டியலைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பின் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கும் அசையவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். தொல்லை விட்டால் போதும் என்று 'செட்டில்மென்ட்' பேசி முடித்துக்கொள்ள வேண்டாம். 'செட்டில்டு' என்ற சொல்லைப் பார்த்தாலே, முழுத் தொகையையும் கட்டாதவர் என்றுதான் அடுத்த வங்கி எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியது 'குளோஸ்டு', அதாவது முழுவதும் கட்டி முடிந்த கடன் என்ற பதிவு.

மதுரை வாசகி:
சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இந்த அறிக்கையைத் தரும் நான்கு நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் உள்ள விதி. நான் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுக்கிறேன். ஸ்கோரை விட, கணக்குகளையும் முகவரிகளையும் விசாரணைகளையும் வரிவரியாகப் படிக்கிறேன். அப்படிப் படித்தபோதுதான், நான் ஒருநாளும் வசித்திராத ஊரின் முகவரியும், என் பான் எண்ணில் யாரோ வாங்கிய ரூ.5,000 கடனும் கண்ணில் பட்டன. ஸ்கோர் அப்போதும் 760-க்கு மேல்தான் இருந்தது. முதல் தவணை தவறும் முன்பே முறையிட்டு நீக்கினேன்.

ஈரோடு வாசகர்:
இருவருக்கும் நன்றி. முறையிட்ட 19-ஆம் நாள் பதில் வந்தது. பழைய காசோலை திரும்பியதற்கான கட்டணமும் அதன் மீதான அபராதமும்தான் அந்த ரூ.1,840 என்று பட்டியலைப் பார்த்த பிறகே தெரிந்தது. சான்று வழங்கிய பின் அதைக் கேட்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, 'குளோஸ்டு' என மாற்றியிருக்கிறார்கள். மற்றொரு நிறுவனத்தின் அறிக்கையில் அதே கடன் இன்னும் நிலுவையாகவே இருப்பதால், அங்கும் தனியாக முறையிட்டிருக்கிறேன். அது திருந்திய பிறகே வீட்டுக் கடன் விண்ணப்பத்தைக் கொடுக்கப் போகிறேன்.